புனித பேதுரு பேராலயம்: காணச் செல்லும் குடும்பத்தினர்க்குச் சில குறிப்புகள்

நம்மவர் பிறநாடு செல்வது இன்று புதுமையன்று. இத்தாலி நாட்டிலே தொழில் புரியும் இலங்கையர் தொகை பெரிது. அவர்களைக் காணச் செல்லும் பெற்றோரும், விடுமுறைக் காலத்தில் ஐரோப்பா செல்லும் மாணவரும் உரோமாபுரியை ஒருமுறை எட்டிப் பாராது திரும்புவதில்லை. உரோமாபுரி சென்றவர் புனித பேதுரு பேராலயத்தைக் காணாது வருவதும் அரிது. ஆயினும், கண்டு வந்தோரிடம் “அங்கு யாது கண்டீர்கள்?” என வினவினால், “பெரிய கோயில், சரியான கூட்டம்” என்பதற்கு மேலாக விடை கிடைப்பதில்லை. சிலரோ தக்க உடையின்மையால் வாயிலோடு திரும்பியதைச் சொல்லி வருந்துவர். வேறு சிலர் கிழமை பாராது சென்று, முற்றத்தில் நின்றவாறே படம் பிடித்து மீண்டதைக் கூறுவர்.

பெரும் பொருளும் காலமும் செலவிட்டுச் செய்யும் பயணம் இவ்வாறு வீணாதல் தகாது. அதனினும் பெரிதாகக் கருத வேண்டியது ஒன்றுண்டு. அவ்விடம் காட்சிச்சாலையன்று, நாள்தோறும் வழிபாடு நிகழும் கோயில். பிற சமயத்தார் கோயிலுள் நாம் எவ்வாறு நடந்துகொள்கின்றோம் என்பது நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரிய ஒரு சோதனையாகும். இவ்விரண்டையும் கருதியே இக்குறிப்புகளை எழுதுகின்றோம்.

வரலாறு சிறிது அறிக

உரோமாபுரியின் நடுவே அமைந்த வத்திக்கான், 1929ஆம் ஆண்டு இத்தாலியுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஒரு தனி அரசாயிற்று. அதன் பரப்பு 44 ஹெக்டயர் மாத்திரமே. உலகில் இதனினும் சிறிய அரசு வேறில்லை. இவ்வரசின் தலைவர் பாப்பரசர் ஆவர்.

இயேசுநாதரின் சீடருள் முதல்வரான பேதுருவை நம் நாட்டுக் கத்தோலிக்க மக்கள் முற்காலத்தில் இராயப்பர் என வழங்கினர். நீரோ மன்னன் காலத்தில் அவர் உரோமையிற் கொல்லப்பட்டு, வத்திக்கான் குன்றின் சாரலிலே அடக்கம் செய்யப்பட்டார் என்பது தொன்றுதொட்டு வரும் மரபு. அவ்விடத்தில் நான்காம் நூற்றாண்டிலே கொன்ஸ்தாந்தைன் பேரரசன் ஒரு கோயில் எடுப்பித்தான். அது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்று தளர்ந்தபின், பாப்பரசர் இரண்டாம் யூலியஸ் புதிய கோயிலுக்கு 1506 ஏப்பிரல் 18ஆம் திகதி அடிக்கல் நாட்டினார். 1626 நவம்பர் 18ஆம் திகதியே அது நேர்ந்தளிக்கப்பட்டது. இடையிற் கழிந்தவை 120 ஆண்டுகள். பிரமாந்தே தொடங்கினார், ரபாயலும் பிறரும் தொடர்ந்தனர். எழுபது வயது கடந்த நிலையில் மைக்கலாஞ்சலோ இப்பொறுப்பை ஏற்று, ஊதியம் பெறாது உழைத்தார். தாம் வரைந்த கோபுரக் குவிமாடம் எழுவதைக் காணாமலே 1564இல் மறைந்தார். தெல்லா போர்த்தா என்பார் அதனை 1590இல் முடித்தார்.

இன்னொன்றும் மாணவர் அறிதல் வேண்டும். இக்கட்டடச் செலவுக்காகப் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகளின் பேரிற் பணம் திரட்டப்பட்டது. அதனைக் கண்டித்தே 1517இல் மார்ட்டின் லூதர் ஜேர்மனியிலே குரல் எழுப்பினார். மேலைத் திருச்சபை இரண்டுபட்டதற்கு அது ஒரு வாயிலாயிற்று. அழகிய கட்டடம் ஒன்றைக் காணும்போது அதன் அழகை வியப்பதோடு, அதற்குக் கொடுக்கப்பட்ட விலையையும் நினைத்தல் கற்றோர் கடன்.

நாளும் வேளையும்

பேராலயம் காலை 7 மணிக்குத் திறக்கப்படும். அவ்வேளையிற் செல்வோர் பெறும் அமைதியை முற்பகல் 10 மணிக்குச் செல்வோர் கனவிலும் பெறார். ஆதலின் முதல்நாள் இரவே நேரத்தோடு உறங்கி, விடியலில் எழுந்து புறப்படுதல் நன்று. யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வெயில் கடுமையானது. முற்றத்திலோ மரநிழல் இல்லை. நத்தார், உயிர்த்த ஞாயிறு ஆகிய பெருநாட்களை ஒட்டிய வாரங்களில் நெரிசல் மிகும். நவம்பரிலும், நத்தார்க் காலம் கழிந்தபின் வரும் சனவரி, பெப்ரவரி மாதங்களிலும் கூட்டம் குறைவு. ஆனாற் குளிருக்கான உடை வேண்டும்.

கிழமையையும் பார்த்துக்கொள்க. பாப்பரசர் உரோமையில் இருக்கும் காலத்தில், புதன்கிழமை முற்பகலிற் பொதுமக்களுக்குக் காட்சியளித்து உரையாற்றுவது வழக்கம். அது முற்றத்தில் நிகழுமாயின், முடியும் வரை பேராலயத்துட் செல்லல் இயலாது. பாப்பரசரைக் காண விரும்புவோர் புதனைத் தேர்க. கோயிலைக் காண விரும்புவோர் புதனைத் தவிர்க்க. அக்காட்சிக்கு வேண்டிய அனுமதிச் சீட்டு இலவசமாகவே வழங்கப்படுகின்றது. ஞாயிறு நண்பகலில் அவர் மாளிகைச் சாளரத்தில் தோன்றி ஆசி கூறுவதும் உண்டு.

பலர் மயங்கும் இடம் இன்னொன்று. மைக்கலாஞ்சலோ வரைந்த ஓவியங்களாற் புகழ்பெற்ற சிஸ்தைன் சிற்றாலயம் இப்பேராலயத்தின் உள்ளே இல்லை. அது வத்திக்கான் அரும்பொருட் காட்சிச்சாலையைச் சேர்ந்தது. அதன் வாயில் மதிலைச் சுற்றி நடந்து செல்லும் தொலைவில், வேறு பக்கத்தில் உள்ளது. அங்குச் செல்லக் கட்டணம் உண்டு. மாதத்தின் இறுதி ஞாயிறு ஒழிந்த ஏனைய ஞாயிற்றுக்கிழமைகளில் அது மூடப்பட்டிருக்கும். பேராலயத்தினுட் செல்வதற்கோ கட்டணம் இல்லை. வரிசையைத் தவிர்த்து உள்ளே விடுவதாகக் கூறித் தெருவோரத்திற் சீட்டு விற்போரை நம்பிப் பணத்தை இழக்க வேண்டா. நேரத்தை முன்பதிவு செய்யவோ ஒலி வழிகாட்டிக் கருவி பெறவோ விரும்புவோர், பேராலயத்தாரின் சொந்த ஏற்பாட்டிலேயே பணம் செலுத்திப் பெறலாம்.

உடை

நம் நாட்டிற் கோயில் வழக்கத்தை எவரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆடவர் மேற்சட்டை களைந்து, காலணி நீக்கி உட்செல்வர். பேதுரு பேராலயத்திலோ முறை வேறு. சட்டை இன்றியமையாதது, சப்பாத்தைக் கழற்ற வேண்டியதில்லை, ஆனால் ஆடவர் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளல் வேண்டும். தோளும் முழங்காலும் மறைந்திருத்தல் இருபாலார்க்கும் பொது விதி. கையில்லாச் சட்டை, அரைக்காற்சட்டை, குட்டைப் பாவாடை ஆகியவற்றோடு வருவோரை வாயிற் காவலர் திருப்பி அனுப்புவர்.

சேலை உடுத்துச் செல்லும் நம் பெண்களுக்கு இதனால் இடர் இல்லை. கையில்லா இரவிக்கை அணிவோர் ஒரு சால்வையைத் தோளிற் போர்த்துக்கொள்க. பெண்கள் தலையை மூட வேண்டும் என்னும் பழைய விதி இன்று வற்புறுத்தப்படுவதில்லை. நெற்றியில் திருநீறோ பொட்டோ இருப்பதையும் எவரும் தடுப்பதில்லை. தரை முழுதும் வழுவழுப்பான சலவைக்கல்லாதலின், முதியோர் வழுக்காத காலணி அணிதல் நலம்.

சோதனை வரிசை

முற்றத்தின் ஓரத்தில் விமான நிலையத்திற் போன்ற கருவிச் சோதனை உண்டு. கத்தி, கத்தரிக்கோல், கண்ணாடிப் போத்தல் போன்றவற்றைத் தங்குமிடத்திலேயே விட்டுச் செல்க. பெரிய பயணப் பெட்டியோடு செல்வது அறவே கூடாது. வரிசை நீளும்போது பொறுமை இழந்து முணுமுணுப்போரைக் காண்கின்றோம். 2019 ஏப்பிரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நம் நாட்டுத் தேவாலயங்களில் வழிபட வந்தோர்க்கு நேர்ந்த கொடுமையை அறிந்த இலங்கையராகிய நாம் அவ்வாறு முணுமுணுத்தல் பொருந்தாது. தேவாலயத்து வாயிலில் ஒரு காவலன் ஏன் நிற்கின்றான் என்பதை நம்மினும் நன்கறிந்தார் யார்?

திருடரையும் நினைவில் வைக்க. உரோமையின் மத்திய புகையிரத நிலையத்திலிருந்து நிலக்கீழ்ப் புகையிரதத்தில் ஏறி, ஒத்தாவியானோ என்னும் நிலையத்தில் இறங்கிச் சிறிது நடந்தால் முற்றத்தை அடையலாம். அவ்வண்டியிலும், அத்திசையில் ஓடும் 64ஆம் இலக்கப் பஸ்வண்டியிலும் சட்டைப்பை வெட்டுவோர் உலாவுவர் என்பது ஊரறிந்த செய்தி. கடவுச்சீட்டையும் பணத்தையும் உட்பையில் வைத்துக்கொள்ளல் வேண்டும். வத்திக்கான் எல்லையிற் கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. இத்தாலிக்குரிய விசா ஒன்றே போதும்.

முற்றத்தில்

உள்ளே செல்லும் ஆவலில் முற்றத்தைப் பாராது விரைதல் கூடாது. பெர்னினி என்னும் சிற்பி 1656 முதல் 1667 வரை இதனை அமைத்தார். இருபுறமும் வளைந்து செல்லும் மண்டபங்களில் 284 தூண்கள் நான்கு வரிசையாக நிற்கின்றன. வருவோரை இரு கைகளால் அணைப்பது போன்ற தோற்றம் இது. நீரூற்றுகளுக்கு அருகே தரையிற் பதித்த வட்டக்கல் ஒன்று இருபுறமும் உண்டு. அதன்மீது பிள்ளைகளை நிறுத்தித் தூண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு வரிசைத் தூண்களும் ஒரே வரிசையாக ஒடுங்கித் தோன்றும். ஓரடி விலகினால் மறைந்து நின்றவை யாவும் வெளிப்படும். கேத்திரகணிதத்தை இதனினும் இனிதாகக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் உண்டோ?

நடுவில் நிற்கும் ஒற்றைக்கல் தூண் எகிப்திலிருந்து முதலாம் நூற்றாண்டிற் கொணரப்பட்டது. அதன் உயரம் 25 மீற்றர். நிறை 300 தொன்னுக்கு மேல். 1586இல் பொந்தானா என்னும் பொறிவல்லுநர் ஏறக்குறைய 900 ஆட்களையும் பல குதிரைகளையும் கொண்டு அதனை இன்றைய இடத்திலே நிறுத்தினார். கூட்டத்தில் எவரேனும் பிரிந்துவிடின் மீண்டும் கூடுவதற்கு இத்தூணடியைக் குறித்துக்கொள்வது வசதி.

பலநிறக் கோடுகளோடு கூடிய உடை தரித்த காவலர் சுவிற்சர்லாந்து நாட்டினர். 1506இல் தொடங்கிய படை அது. அவ்வுடையை மைக்கலாஞ்சலோ வகுத்தார் என வழிகாட்டிகள் கூறுவது கட்டுக்கதை; இன்றைய வடிவம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்தது. கடமையில் நிற்கும் அவர்களைத் தொடுதலும் விளையாட்டுக் காட்டுதலும் நாகரிகமன்று.

உள்ளே காணத்தக்கவை

பேராலயத்தின் உள்நீளம் ஏறக்குறைய 187 மீற்றர். எனினும் உட்புகுந்தவுடன் அப்பெருமை தோன்றாது. எல்லா உறுப்புகளும் ஒன்றற்கொன்று இயைந்து பெரியனவாதலின் கண் ஏமாறுகின்றது. தீர்த்தத் தொட்டியைத் தாங்கும் குழந்தைச் சிற்பங்களின் அருகே சென்று நில்லுங்கள். குழந்தைகள் எனத் தோன்றியவை நம்மினும் பெரியவை என்பது அப்போதுதான் விளங்கும். மேலே ஓடும் பொன்னிறப் பட்டையில் உள்ள இலத்தீன் எழுத்துகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 மீற்றர் உயரமானவை. நடுவழித் தரையில், உலகின் ஏனைய பெரிய தேவாலயங்களின் நீளங்கள் குறிக்கப்பட்டுள்ளன. பிள்ளைகள் அவற்றை எண்ணிக்கொண்டே நடக்கலாம்.

வலப்புறத்து முதற் சிற்றாலயத்தில், இறந்த மகனை மடியிற் கிடத்திய தாயின் சிலை உள்ளது. மைக்கலாஞ்சலோ இதனை 1499இல் முடித்தபோது அவருக்கு வயது 24. அன்னையின் மார்பிற் குறுக்கிடும் பட்டியிலே தம் பெயரைப் பொறித்தார். அவர் பெயர் பொறித்த சிலை இது ஒன்றே. 1972 மே 21ஆம் திகதி மனநிலை திரிந்த ஒருவன் சுத்தியலால் இதனைத் தாக்கினான். அன்னையின் கை முறிந்தது, முகம் சிதைந்தது. வல்லுநர் துண்டுகளைப் பொருத்திச் சீர்செய்தனர். அன்றுமுதல் தடித்த கண்ணாடிக்கு அப்பால் நின்றே காணவேண்டியதாயிற்று. நம்மில் அன்னையரும் தந்தையரும் இச்சிலைமுன் சிறிது நேரம் பேசாது நிற்பாராக. பிள்ளையை இழந்த தாயின் துயரம் விளங்குவதற்குச் சமய நூல் எதுவும் வேண்டா. நம் நாட்டில் அத்துயர் அறியாத ஊரும் இல்லை.

குவிமாடத்தின் கீழே, ஏறக்குறைய 29 மீற்றர் உயரத்தில் பெர்னினி அமைத்த வெண்கல விதானம் நிற்கின்றது. அதன் நேர் கீழேதான் பேதுருவின் கல்லறை உள்ளது என்பர். அருகிலுள்ள பேதுருவின் வெண்கலச் சிலையிலே வலப்பாதம் தேய்ந்திருப்பதைக் காணலாம். பல நூற்றாண்டுகளாக அடியார் கை தொட்டுத் தொட்டுத் தேய்ந்த தேய்வு அது. சுவரிலுள்ள ஓவியங்கள் எனத் தோன்றுவன பெரும்பாலும் ஓவியங்களல்ல. நிறக்கற் துணுக்குகளைப் பதித்து ஆக்கியவை. அணுகிப் பார்த்தாலன்றி இவ்வேறுபாடு புலனாகாது.

வழிபாட்டு வேளையில்

நம் மாணவன் ஒருவன், இத்தாலியில் வாழும் தந்தையிடம் செல்லுமுன் நம்மிடம் வந்து, “ஐயா, நாங்கள் சைவர்கள். அந்தக் கோயிலுக்குள் போய் எப்படி நிற்பது? கும்பிடாமல் நின்றால் அவமதிப்பா? கும்பிட்டால் நடிப்பா?” என்று கேட்டான். கேள்வி சிறியதன்று. அவனுக்குக் கூறியதையே ஈண்டும் கூறுகின்றோம்.

விருந்தினனாகச் செல்கின்றவன் வீட்டாரின் வழக்கத்தை மதித்தாற் போதும். வீட்டானாக நடிக்க வேண்டியதில்லை. பூசை நடக்கும் வேளையில் அமர விரும்பினால் அமரலாம். அமர்ந்தபின் இடையில் எழுந்து உலாவலாகாது. பிறர் எழும்போது எழுந்து நிற்பது மரியாதை. முழந்தாளிடுதல் நம்மேற் கடமையன்று. மனம் விரும்பின் கைகூப்பலாம். இன்றேல் வாளாது இருக்கலாம். ஆனால் ஒன்றிற் பெருங்கவனம் வேண்டும். பூசையின்போது குருவானவர் வழங்கும் நற்கருணை அப்பத்தை நம் கோயிற் பிரசாதம் போன்றதென எண்ணிக் கைநீட்டுதல் தவறு. கத்தோலிக்கர் அதனைத் தம் இறைவனின் திருவுடலாகவே கொள்வர். அவர்களுள்ளும் தக்க ஆயத்தம் உடையோரே பெறுவர். ஆதலின் ஏனையோர் வரிசையிற் செல்லும்போது நாம் இருக்கையிலேயே இருத்தல் முறை. அதனால் எவரும் நம்மைக் குறைவாகக் கருதார்.

வலப்புறத்தில் திரையிட்ட சிற்றாலயம் ஒன்று உண்டு. அது செபம் செய்வோர்க்கே உரியது. அங்கே படம் பிடித்தலும் உரையாடலும் கூடா. ஏனைய இடங்களில் மின்னொளி பாய்ச்சாது படம் பிடிக்கலாம். பூசை நடக்கும்போது அதனையும் நிறுத்துக. நம் மூலத்தானத்து முன்னிலையில், தீபாராதனை வேளையில், அந்நியர் ஒருவர் முதுகைக் காட்டி நின்று தம்மைத் தாமே படம் பிடித்தால் நமக்கு எவ்வாறிருக்கும் என எண்ணிப் பார்த்தால், வேறு விதி வேண்டியதில்லை.

மேலும் கீழும்

குவிமாடத்தின் உச்சிக்குச் செல்லும் படிகள் 551. கட்டணம் உண்டு. மின்தூக்கியிற் சென்றால் கூரைத்தளம் வரை எளிது. ஆயினும் அதன்மேல் 320 படிகளை யாவரும் ஏறியே ஆகவேண்டும். சுவர் சாய்ந்து வழி ஒடுங்கிச் செல்லும். இடையில் திரும்பி வருதல் அரிது. இதய நோயாளரும் முழங்கால் நோவுடையோரும் மூச்சிளைப்பு உடையோரும் கூரைத்தளத்தோடு நிற்பது அறிவுடைமை. மேலே ஏறியவர், பெர்னினியின் முற்றம் முழுவதையும் ஒருசேரக் காணும் பேறு பெறுவர்.

கீழே பாப்பரசர் பலரின் சமாதிகள் உள்ளன. அவற்றைக் காணக் கட்டணம் இல்லை. 2015 சனவரி 14ஆம் திகதி மடுத் திருத்தலத்துக்கு வந்த பாப்பரசர் பிரான்சிசின் சமாதியை நம்மவர் பலர் இங்குத் தேடுவர். 2025 ஏப்பிரல் 21ஆம் திகதி மறைந்த அவர், தம் விருப்பப்படி உரோமையின் சாந்தா மரியா மஜோரே பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அங்குதான் செல்லல் வேண்டும். சமாதிகளுக்கும் கீழே, 1940ஆம் ஆண்டு முதல் அகழ்ந்து கண்ட பழைய இடுகாடு உள்ளது. அதனைக் காண அகழ்வாய்வு அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி பெறுதல் வேண்டும். சிறுவரை அனுமதிப்பதில்லை.

இன்னும் சில

குடிநீருக்குப் பணம் செலவிட வேண்டா. உரோமைத் தெருக்களில் இடையறாது நீர் சொரியும் இரும்புக் குழாய்கள் உள்ளன, அந்நீர் குடிக்கத்தக்கது. வெற்றுப் போத்தல் ஒன்று கைவசம் இருக்கட்டும். பேராலயத்தினுள் உண்ணல் ஆகாது. நடக்க இயலாத முதியோர்க்குச் சக்கர நாற்காலியிற் செல்லச் சாய்வழி உண்டு. தயங்காது காவலரைக் கேட்கலாம்.

முற்றத்தருகே வத்திக்கான் தபாற்கந்தோர் உள்ளது. அங்கு வாங்கும் முத்திரை வத்திக்கான் தபாற்பெட்டிகளுக்கே செல்லும். இத்தாலியத் தெருவிலுள்ள பெட்டியில் இட்டாற் பயனில்லை. ஊரிலிருக்கும் பாட்டனுக்கோ பாட்டிக்கோ பிள்ளைகள் தம் கையால் நான்கு வரி தமிழில் எழுதி அங்கிருந்து அனுப்பட்டும். கைத்தொலைபேசியிற் சேர்ந்த நூறு படங்களினும் அக்கடிதம் வீட்டில் நெடுநாள் இருக்கும்.

பேராலயத்தை நிதானமாகக் காண மூன்று மணி நேரமேனும் ஒதுக்குதல் வேண்டும். காட்சிச்சாலையையும் அதே நாளிற் காண முயன்று இரண்டையும் அரைகுறையாக்குவதினும், ஒன்றை இன்றும் மற்றொன்றை நாளையும் காண்பது சிறப்பு. புறப்படுமுன் இரண்டு மாலைப்பொழுதுகளில் வீட்டிலே குடும்பமாக இருந்து வரலாற்றைப் பேசிக்கொண்டால், பிள்ளைகளின் கண்கள் அங்கே தாமே திறக்கும்.

நம் நாட்டிலே நான்கு சமயத்தார் அயலவராக வாழ்கின்றோம். அயலவர் கோயில் வாயிலில் எவ்வாறு நிற்பது என்பதை நம் பிள்ளைகள் உரோமாபுரியில் மாத்திரமன்றி, மடுவிலும் அநுராதபுரத்திலும் நாகூராண்டவர் பெயரால் விளங்கும் கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலிலும் அறிந்திருத்தல் வேண்டும். தொலைதூரத்துப் பேராலயம் ஒன்றிலே அதனைப் பழகி வருவார்களாயின், அப்பயணத்துக்குச் செலவிட்ட பணம் வீண்போகவில்லை என்று பெற்றோர் மகிழலாம்.